நான் எண்ணிய வேகம்

பெப்ரவரி, ஞாயிறு

இன்று ரொக்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு கலியாண விருந்தில் வாசித்தோம். என் கணவர் மைக்கைப் பிடித்து, "இது என்ரை பாண்ட். இவ என்ரை மனுசி, பாடுறவ," என்றார். பதினொரு வருடமாக இருவரும் சேர்ந்து நடத்தும் ஸ்விங், ப்ளூஸ் இசைக்குழு அது; அந்த 'என்ரை' எனக்குச் சுட்டது.

அடுத்தது அவர் ட்ரம்பெட் ஊதும் பாட்டு. ஒவ்வொரு பாட்டையும் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணித் தொடக்கி வைப்பது நான்தான்; நான் எண்ணும் வேகத்தில்தான் எல்லோரும் வாசிப்பார்கள். போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூச்சுப் போதாது என்று தெரியும். வேண்டுமென்றே வேகமாக எண்ணினேன். பாதியில் ட்ரம்பெட் கீச்சிட்டு நின்றது. ஆடியவர்கள் சிரித்தார்கள்.

காரில், "என்ரை மூச்சு முடிஞ்சுது போல. ட்ரம்பெட்டுக்கு வேறை ஆளைப் பாப்பமே?" என்று கேட்டார்.

"ஓம், பாப்பம்," என்றேன்.

இப்போது பக்கத்து அறையில் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் வேகமாக எண்ணியிருப்பேன் என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.