லென்ஸில் மூட்டம்

ஜூன் 4

அன்புள்ள திருகாணிக்கு,

நலம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதம் என்றால் நடுவில் குறுக்கே பேச முடியாது என்றாய். சரி, எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

பார்சல் வந்திருக்கும். நீ பழைய கேமராக்களைத் துடைக்கிற லட்சணத்தைப் போன தடவை வந்தபோது பார்த்தேன். டின்னைக் கவிழ்த்துப் பஞ்சில் ஊற்றுகிறாய். பாதி மேசைக்கு, பாதி உன் மூக்குக்கு. கரைப்பான் ஆலையில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி செய்கிற காரியமா இது? இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், அழுத்தினால் சொட்டும். நீல மூடியில் நாஃப்தா, வெள்ளை மூடியில் ஆல்கஹால். ஷட்டரில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் நாஃப்தா. கண்ணாடிக்குக் கடைசியாக ஆல்கஹால். அசிட்டோனை அந்த அறைக்குள்ளேயே விடாதே. பெயின்ட், பிளாஸ்டிக், லென்ஸைச் சுற்றியுள்ள எண்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுத்தான் ஓயும்.

பாட்டிலோடு வந்த மூக்கு அகலம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய, வளைகிற குழாயை நானே பொருத்தினேன். ஒரே ஒரு துளி விழும், அதுவும் நீ காட்டுகிற இடத்தில். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது. பாராட்டலாம்.

இங்கே வீடு பார்த்துவிட்டேன். மாடி. முன்னறையில் பெரிய ஜன்னல். உன் மேசை அங்கேதான். அண்ணன் வீட்டு வாசல் அறையில் எத்தனை நாள் கடை நடத்துவாய்? அக்டோபரில் கிளம்பி வா.

உன் அவசரக்காரன்

*

ஜூன் 15

என் அவசரக்காரருக்கு,

குறுக்கே பேசாமல் படித்தேன். நம்புங்கள்.

பார்சலைப் பிரித்ததும் அண்ணன் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை நகை அனுப்பியிருப்பாருன்னு பார்த்தா ட்யூப் அனுப்பியிருக்காரே" என்று சிரித்தான். "நகையை வச்சு லென்ஸ் தொடைக்க முடியுமா?" என்று கேட்டேன். துளி நிஜமாகவே ஒன்றுதான் விழுகிறது. அதைக் கொஞ்ச நேரம் விளையாட்டுக்குச் சொட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டிவிட்டேன், போதுமா?

பல் டாக்டரம்மா ஒரு கேமரா கொண்டுவந்திருக்கிறார். அவருடைய தம்பியுடையது. தம்பி இப்போது இல்லை. அதில் ஒரு ஃபிலிம் ரோல் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஷட்டர் சரியாகிவிட்டது. லென்ஸ்தான் படுத்துகிறது. துடைத்த ஈரத்தில் பளிச்சென்று இருக்கிறது, காய்ந்ததும் யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு மூட்டம். எத்தனை தடவை துடைத்தாலும் அப்படியே வருகிறது. முன்பு எனக்கு இப்படி ஆனதே இல்லை. வேறு ஏதாவது காரணம் இருக்குமா?

இருமல் நின்றதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம்?

உங்கள் திருகாணி

*

ஜூன் 22

அன்புள்ள திருகாணிக்கு,

காரணம் கைதான். வேறென்ன?

நீ சதா கையில் கிரீம் பூசுகிறாய். கதவைத் திறக்கும்போதே அந்த வாசம்தான் முதலில் வரும். அதை இன்றோடு நிறுத்து. வளையலைக் கழற்று. துடைக்கும்போது பேசாதே. இது உனக்குக் கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் பேசாதே. முன்பு ஆனதே இல்லை என்கிறாய். முன்பும் ஆகியிருக்கும், நீ பார்த்திருக்க மாட்டாய். இப்போது உற்றுப் பார்க்கிற ஆள் வந்திருக்கிறார், அவ்வளவுதான். மறுபடி நாஃப்தா, மறுபடி ஆல்கஹால். போகும்வரை துடை.

திரை நிறமெல்லாம் என்னைக் கேட்காதே.

உன் அவசரக்காரன்

*

ஜூலை 9

அன்புள்ள அவசரக்காரருக்கு,

கிரீமை நிறுத்திவிட்டேன். வளையல் அலமாரியில். வாயையும் மூடிக்கொண்டேன். அண்ணனுக்கே பயம் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

மூட்டம் போகவில்லை. போன மாதம் சரிசெய்து கொடுத்த வேறு இரண்டு கேமராக்களும் அதே குறையோடு திரும்பி வந்துவிட்டன. டாக்டரம்மா வந்து, பல்லைப் பார்க்கிற மாதிரியே ஷட்டரைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "பரவாயில்லம்மா, மெதுவா செய்ங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

விரல் நுனிகள் வெடித்துவிட்டன. நாஃப்தா பட்டால் எரிகிறது. சின்னத் திருகுகளை இடுக்கியால் எடுக்கும்போது கை சரியாக நிற்பதில்லை. நேற்று ஒன்று கீழே விழுந்து, தரையில் முட்டி போட்டுத் தேடினேன். கிடைத்தது. ஆனால் எனக்கு இதுவரை திருகு விழுந்ததில்லை.

திருகாணி

*

ஜூலை 16

அன்புள்ள திருகாணிக்கு,

விரல் வெடித்தால் கையுறை போடு. இதற்கெல்லாம் கடிதமா?

உண்மையைச் சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. சிலருக்குக் கையில் எண்ணெயும் வியர்வையும் ஊறிக்கொண்டே இருக்கும். அது உடம்பு வாகு, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கைக்குக் கண்ணாடி வேலை ஒத்துவராது. எங்கள் ஆலை ஆய்வகத்திலும் அப்படி ஒரு பெண் இருந்தாள். அலுவலகப் பக்கம் மாற்றிவிட்டார்கள், இப்போது நிம்மதியாக இருக்கிறாள். அந்த மேசையை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்.

உன் அவசரக்காரன்

*

ஆகஸ்ட் 2

அன்புள்ளவருக்கு,

யோசித்தேன். நீங்கள் சொன்னதே சரி.

மற்ற இரண்டு கேமராக்களையும் உரியவர்களிடமே கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவிடமும் அவருடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என் கை சரியில்லைம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டும் என்றார். திங்கட்கிழமை சேர்கிறேன். அண்ணன் கடைப் போர்டைக் கழற்றிவிட்டான். கருவிகள் பெட்டியில் இருக்கின்றன.

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள திருகாணிக்கு,

உட்கார்ந்து படி. தப்பு உன் கையில் இல்லை. குழாயில். நான் போட்டுக் கொடுத்த குழாயில்.

உனக்குச் செய்தது போலவே எனக்கும் ஒரு பாட்டில் செய்து வைத்திருந்தேன். சும்மா கிடந்தது. போன வாரம் மூக்குக்கண்ணாடியை அதில் துடைத்தேன். காய்ந்ததும் மூட்டம். சட்டைத் துணியின்மேல் பழி போட்டேன். புதுத் துணி எடுத்தேன், அப்போதும் மூட்டம். பிறகுதான் புத்தி வந்தது. ஒரு கண்ணாடித் தகட்டில் டின்னிலிருந்து நேராக ஒரு துளி, குழாய் வழியாக ஒரு துளி விட்டுக் காயவைத்தேன். டின் துளி சுவடே இல்லாமல் போனது. குழாய்த் துளி வட்டமாகப் பிசுபிசுத்து நின்றது.

அந்த மாதிரிப் பிளாஸ்டிக் வளைய வேண்டும் என்பதற்காகவே அதில் ஓர் எண்ணெய் கலந்திருப்பார்கள். நாஃப்தாவும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துக் கையோடு கூட்டிவந்துவிடும். நீ துடைத்த ஒவ்வொரு தடவையும் எண்ணெய் பூசியிருக்கிறாய். போகும்வரை துடை என்று வேறு எழுதினேன். இது வேதியியலில் முதல் வருடப் பாடம். நான் அதில் முதல் வகுப்பு.

கண்ணாடிக் குப்பிகள் இரண்டு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி மூடி, கண்ணாடிக் குச்சி. குச்சியை நனைத்து எடுத்தால் நுனியில் ஒரு துளி நிற்கும். குழாயை எறிந்துவிடு. டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேமராவை வாங்கு. மற்ற இரண்டையும் வாங்கு. போர்டை மாட்டச் சொல். அக்டோபரில் மேசையோடு வா. மன்னித்துவிடு. பிரச்சினை தீர்ந்தது.

உன் அவசரக்காரன்

*

செப்டம்பர் 10

அன்புள்ளவருக்கு,

குப்பிகள் உடையாமல் வந்தன. டாக்டரம்மாவிடம் கேமராவைக் கேட்டு வாங்கி, குச்சியால் ஒரு துளி விட்டுத் துடைத்தேன். காய்ந்த பிறகும் பளிச்சென்று இருந்தது. அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முன்பெல்லாம் திருகைப் பார்த்தால் கை தானாகப் போகும். இப்போது போவதற்கு முன் நின்று, "நான் தொடலாமா?" என்று என்னைக் கேட்கிறது. அதற்கு என்ன கரைப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கை தப்பில்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என் கையே தப்பாக இருந்திருந்தால்? அப்போது எழுதியதெல்லாம் சரியாகிவிடுமா?

அக்டோபரில் நான் வரவில்லை. கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

அக்டோபர் 30

அன்புள்ள திருகாணிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் விளக்கம்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். பதில் இது: உன் கை தப்பாக இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன். சரியாகக் கண்டுபிடித்தேன் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த ஆளோடுதான் நீ குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

நீ ஜூனில் கேட்டவற்றுக்கு நான் பதில் எழுதவே இல்லை. இருமல் நின்றுவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை. ஜன்னலுக்கு இன்னும் திரை போடவில்லை. கடைவரை போனேன். எந்த நிறம் என்று கடைக்காரர் கேட்டார். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முன்னறையில் மேசைக்கு விட்ட இடம் அப்படியே கிடக்கிறது. அதற்காக நீ வர வேண்டும் என்று எழுதவில்லை.

விரல் வெடித்துவிட்டது, எரிகிறது என்று எழுதியிருந்தாய். நான் கையுறை போடு என்றேன். வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதும் வலிக்கிறதா?

பதிலுக்கு அவசரமில்லை. கிரீம் மட்டும் பூசிக்கொள். வாசம் வருமே, அதையே.