தலைகீழாக ஒரு பெல்ட்

12-5-1979, சனி. இரவு.

என் மகன் சேகர் கட்டும் குட்டி விமானம் கடலில் இறங்க நேர்ந்தால், சக்கரம் தண்ணீரில் மாட்டிக் குப்புறக் கவிழ்ந்துவிடுமாம். இறக்கைக்கு அடியில் லாரி டியூப் கட்டியாயிற்று. ஆனாலும் தலைகீழாகத் தொங்கியபடி பெல்ட்டைக் கழற்றிப் பழக வேண்டுமாம். "டேய், மொதல்ல அப்பன் பாக்கறேன்" என்று மார்தட்டினேன். எட்டாங்கிளாஸ் படித்த நான் விமானி!

அடையாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில், விமானத்திலிருந்து கழற்றிய இருக்கையில் என்னைக் கட்டிக் கவிழ்த்தான். மூக்கில் தண்ணீர் ஏறியதும் பெல்ட் எங்கே, வயிறு எங்கே என்று தெரியவில்லை. கழற்றிவிடக் குனிந்தவனின் வாயில் குத்தினேன். அவன் கழுத்து கையில் கிடைத்தது. இரண்டு கையாலும் நெரித்தேன். முட்டியால் என் வயிற்றில் ஓங்கி இடித்துத்தான் விடுபட்டான்.

கரையில் ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான். "இன்னா நைனா, என்னக் கொன்னுட்டுத்தான் வெளிய வருவியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கழுத்து முழுக்க என் நகம் கிழித்த கோடுகள். அது மகன் கழுத்து என்று தண்ணீருக்குள் எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா...

பெல்ட்டுக்கு வேறு கொக்கி போட்டிருக்கிறான். அடுத்த வாரம் பறக்காமல் விடமாட்டான். நாளைக்கும் நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சற்றுமுன் நகம் வெட்ட உட்கார்ந்தேன். "ராத்திரியில நகம் வெட்னா வூட்டுக்கு ஆவுமாய்யா?" என்று என் மனைவி கமலா கத்தினாள். பத்து விரலிலும் சதை தெரிய ஒட்ட வெட்டிவிட்டேன். பேனா பிடிக்க எரிகிறது.