அம்மா வைத்த நேர்த்தி

அன்புள்ள அண்ணைக்கு,

கடைசி உதைபந்தாட்டப் போட்டியில் உங்கள் கல்லூரி தோற்றபின் இரண்டு சனிக்கிழமையும் நீங்கள் விடுதியிலிருந்து வரவில்லை. மானிப்பாய் பஸ் சத்தம் கேட்டால் அப்பா வாசல் படலைவரை போய்வருகிறார்.

ஒன்று சொல்லவேண்டும். அன்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தவ: "என்ரை பிள்ளை நிக்கிற பக்கம் கோல் விழவேணும்." பள்ளிக்கூடப் படிப்பை இடையில் விட்ட நான்தான் அம்மாவுக்கு வாத்தியார், கோல் விழுந்தால் வெற்றி என்று சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் கோல் காப்பவர், உங்கள் பக்கம் விழுந்தால் தோல்வி என்று தெரிந்தும், கோயிலில் ஆட்கள் நின்றதால் வெட்கத்தில் திருத்தாமல் விட்டேன்.

நேற்றுத்தான் சொன்னேன். அம்மா திகைத்துப்போய், "அப்ப பிள்ளையார் கேட்டதைத் தந்திட்டாரடி! உடைக்கத்தான் வேணும்" என்றா. இரண்டு கிழமையாகச் சிரிக்காத அப்பாவும் சிரித்தார்.

அந்தத் தேங்காயில் சம்பல் இடிப்பேன். கோலை விட்டது நாங்கள்தான், அண்ணை. சனிக்கிழமை வாங்கோ.

உங்கள் தங்கச்சி