சம்மர் டயரும் கார் சாவியும்

வெள்ளி, இரவு.

காருக்குப் புது டயர் போட்டாயிற்று. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பாடம் நடத்த ஜவளகிரிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நான் சேற்றிலும் தூறலிலும் ஓட்டிக்கொண்டு போகிறேன், மழைக்கும் வெயிலுக்கும் ஆகிற ஆல் சீசன் டயர்தான் வேண்டும் என்று கடையில் சொன்னேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சம்மர் டயர் போடுங்க சார். வெயில்ல பெங்களூர் ஹைவேல ரோட்டக் கவ்விப் புடிச்சுக்கும்" என்றார் என் கணவரிடம்.

இவரும் பெரிய டிரைவர் மாதிரி தலையாட்டினார்.

"ஏங்க, எனக்கு அந்தச் சேத்து ரோடுதாங்க" என்றேன்.

"நீ சும்மா இரு. அவருக்குத் தெரியாததா?"

மாட்டி முடித்ததும் கடைக்காரர் சாவியை இவரிடம் நீட்டினார். வாங்கிய கையோடு இவர் என்னிடம் நீட்டினார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற மனிதர். லைசென்ஸே கிடையாது.