சகாயத்தின் நொட்டாங்கைக் கட்டு

என் கண்ணு சகாயம்,

மண்ணுக்குள்ள படுத்திருக்கிற உன் காதுல விழணும்னா கத்தித்தான் ஆகணும். அதான் ஊர் பார்க்க எழுதுறேன். உன் பொண்ணு படிக்கிற கெமிக்கல் இன்ஜினியரிங் டிபார்ட்மெண்டுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செய்தி மடல் போடுறாங்க. இந்தத் தடவை அதுல எனக்கு இடம் குடுத்திருக்காங்க. "அன்னிக்கு ஹால்ல வாயால சொன்னதைக் கையால எழுதிக் குடுங்கம்மா"ன்னு துறைத்தலைவர் அம்மா கேட்டாங்க. என் புள்ளைக்குக் கடுதாசி எழுதச் சொன்னா எழுதுவேன், வேற எதுவும் எனக்கு வராதுன்னேன். சரின்னுட்டாங்க. புள்ளைங்க படிக்கும், வாத்தியாருங்க படிப்பாங்க, உன் மேல பழி போட்ட கம்பெனிக்காரனும் படிப்பான். படிக்கட்டும்.

முதல்ல நல்ல சேதி சொல்றேன். ஷீபா கடைசி வருஷம். நான் மீன் கூடையோட மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சா "இன்ஜினியர் ஆயா வருது, வழி வுடுங்கடா"ன்னு கத்துறானுங்க. நானும் பல்லைக் காட்டிக்கினு போறேன். பின்ன? அஞ்சாங்கிளாஸோட பலகையைத் தூக்கிப் போட்டவ பேத்தி, மருந்தைக் காய்ச்சி வடிக்கிற கண்ணாடிக் கோபுரம் ரெண்டு மாடி உயரத்துக்கு நிக்கிற லேபுல கோட்டு போட்டுக்கினு நிக்கிறா. அந்தக் கோபுரம் புதுசாம், மடல்ல முதல் பக்கத்துல அதான். ரெண்டாம் பக்கத்துல எண்ணூர் முகத்துவாரத்துத் தண்ணியிலேர்ந்து எண்ணெயையும் சாம்பலையும் பிரிக்கிற புள்ளைங்க படம். மூணாம் பக்கத்துல உன் பொண்ணு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுனாங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உன் பேரும் இருக்கு.

நீ வேலை பார்த்த கம்பெனியில மருந்து கலந்து சூடேத்துற ரியாக்டர் வெடிச்சுதே, அது மாதிரியே இங்க ஒண்ணு வெச்சிருக்காங்க சகாயம். சோத்துப்பானை அளவுதான். சுத்திலும் தடிக் கண்ணாடி. டிபார்ட்மெண்டு ஆண்டு விழாவுக்கு அப்பா அம்மா எல்லாரையும் கூப்பிட்டாங்க. ஷீபாவுக்கு யாரு இருக்கா? உன் பொண்டாட்டி உனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா. நான்தான் போனேன், நல்ல புடவை கட்டிக்கினு.

அந்தப் பானையை வெடிக்க வெச்சுக் காட்டுனா உன் பொண்ணு. மருந்து உள்ள போற வால்வை இறுக்கி மூடிட்டா. எல்லாரையும் பார்க்கச் சொன்னா. அப்புறம் பானையைக் குளுமையா வெச்சிருக்கிற தண்ணியை மட்டும் நிறுத்துனா. "இதுக்கு மேல உள்ள ஒரு சொட்டு போகலை. உள்ள இருக்கிறதே தன்னைத் தானே சூடாக்கிக்கும், பாருங்க"ன்னா. சூடு காட்டுற முள்ளு ஏறுச்சு. முதல்ல ஆமை மாதிரி. அப்புறம் பாம்பு மாதிரி. அப்புறம் நான் பார்க்கவே முடியலை. பட்டுனு ஒரு அடி. பானை உடையாம இருக்க மேல ஒரு மெல்லிசுத் தகடு வெச்சிருப்பாங்களாம், அது தாள் மாதிரி கிழிஞ்சு புகை சீறிக்கினு வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் நாற்காலியிலேர்ந்து விழுந்து கெடந்தேன்.

எனக்குக் கேட்டது அந்தச் சத்தம் இல்லை. உன்னுது. பத்து வருஷம் முன்னாடி, மார்க்கெட்டுல வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்தேன், பகல் பதினோரு மணி இருக்கும். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. கத்தி என் கட்டை விரல்ல இறங்கிடுச்சு. ரத்தத்தோட ஓடுனேன், எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல. கம்பெனிச் சுவரு பேத்துக்கினு கெடந்துச்சு. உள்ள மூணு பேரு கரிக்கட்டையா இருந்தீங்க. எவன் எவன்னு பெத்தவங்களுக்கே தெரியலை. உன்னை நான் எதை வெச்சுக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? உடம்புக்கு அடியில மாட்டி ஒரு கை மட்டும் வேகாம தப்பிச்சிருந்துச்சு. இடது கை. அதும் புறங்கையில நான் போட்ட சூடு.

உனக்கு ஆறு வயசு. சோத்தை நொட்டாங்கையால அள்ளுவே, கோலியை நொட்டாங்கையால அடிப்பே, கோயில்ல சிலுவை போடுறதும் அந்தக் கைதான். பார்த்தவங்க எல்லாம் என்னை ஏசுனாங்க. விறகுக்கட்டையால அடிச்சேன். கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிப் போட்டேன். ஒரு நாள் பொறுக்க முடியாம கரண்டியைக் காயவெச்சு இழுத்துட்டேன். தோல் கரண்டியோட வந்துச்சு. நீ அழக்கூட இல்லை, வாயைத் திறந்துக்கினு என்னைப் பார்த்தே. அதுக்கப்புறம் சோறு, எழுத்து, சிலுவை எல்லாம் வலது கைக்கு மாத்திக்கினே. தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாம மறைச்சே. கயிறு கட்டுறப்ப, கம்பி முறுக்குறப்ப மட்டும் அந்தக் கை தானா முன்னாடி வந்துடும். அது எனக்குத் தெரியும்.

இப்போ நான் சொல்லப் போறது உனக்குத் தெரியாது. நீ செத்து இருபதாம் நாள் கம்பெனியில விசாரணைன்னு கூப்பிட்டாங்க. ஒரு ஆபீசர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கினு, "உங்க பையன் இடது கைக்காரனா?"ன்னு கேட்டான். உன்கூடச் செத்த ரெண்டு பேரு குடும்பமும் பின்னாடி நிக்கிது. எனக்கு எரிஞ்சுச்சு. நொட்டாங்கை ஆளை மெஷின்ல வுட்டதாலதான் வெடிச்சுதுன்னு முடிக்கப் பார்க்கிறானுங்கன்னு நினைச்சேன். "எம்புள்ள சோத்தாங்கைக்காரன்தான், எவன் சொன்னான் நொட்டாங்கைன்னு"ன்னு மேசையில ஓங்கி அடிச்சேன். எழுதுனாங்க. கையெழுத்துப் போட்டேன். என் புள்ள மானத்தைக் காப்பாத்திட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கினு வூட்டுக்கு வந்தேன்.

ஒரு மாசத்துல முடிவு வந்துச்சு. மருந்து வால்வைத் திறந்து போட்டுட்டுப் போன சகாயத்தோட கவனக்குறைவாம். நான் மீன் கத்தியோட கேட்டுக்குப் போயிட்டேன். வாட்ச்மேன் ஒருத்தன் முழங்கையைக் கிழிச்சேன். போலீஸ்காரன் லத்தி என் இடுப்பைப் பேத்துச்சு, இன்னிக்கும் மழை வந்தா குத்துது. ஆனா அதெல்லாம் ஒரு அடியா? உன்கூடச் செத்தானே அந்தோணி, அவன் பொண்டாட்டி ரோசலின் கல்லறைத் திருநாளன்னிக்கு எல்லாரும் மெழுகுவத்தி ஏத்துறப்ப உன் கல்லறை மேல காறித் துப்பினா. வருஷா வருஷம் துப்பினா. ஷீபாவை ஸ்கூல்ல ஒரு பையன் "கொலைகாரன் பொண்ணு"ன்னான். இவ அவன் முன்பல்லை உடைச்சுட்டு வந்தா. நான் அடிக்கலை. பல்லு குத்துன கைக்கு மஞ்சள் வெச்சேன்.

ஹாலுக்கு வர்றேன். பானை வெடிச்சு முடிஞ்சுது. சுவத்துல ஷீபா பெரிசா ஒரு போட்டோ ஒட்டியிருந்தா. உன் வால்வு, வெடிச்ச மறுநாள் எடுத்தது. சக்கரம் மூடின நிலையில, யாரும் திறந்துடாம கம்பி போட்டுக் கட்டியிருக்கு. அப்படின்னா தப்பு வால்வுல இல்லை, நின்னுபோன தண்ணியில. கம்பெனி அறிக்கையில இங்கிலீஷ்ல ஒரே வரி போட்டிருந்தானாம், இந்தக் கம்பி தீ அணைச்ச பிறகு வேற யாரோ கட்டுனதுன்னு. அது எதை வெச்சுன்னு எழுதலை. ஷீபா அதைத்தான் கேட்டா.

முன் வரிசையில ஒரு ஆளு எழுந்தான். தலை நரைச்சிருந்துச்சு, குரலைக் கேட்டதும் புரிஞ்சிக்கினேன். அதே ஆபீசர். இப்போ பெரிய பதவியாம், புள்ளைங்களை வேலைக்கு எடுக்க வந்திருக்கான்.

"நல்ல வேலை பண்ணியிருக்கேம்மா. தண்ணி நின்னாலும் வெடிக்கும்னு காட்டிட்டே. ஆனா அன்னிக்கு வால்வு மூடியிருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சி எங்க? அந்தக் கம்பி இடது பக்கமா முறுக்கியிருக்கு, இடது கைக்காரன் கட்டு. உங்கப்பா வலது கை. உங்க பாட்டியே எழுதிக் குடுத்திருக்காங்க."

ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்தா. வாயைத் திறந்துக்கினு, சத்தம் வராம. கரண்டி வெச்சப்ப நீ பார்த்த பார்வை.

"ஆயா?"

"பொய் சொன்னேன்."

"இன்னா?"

"உங்கப்பன் நொட்டாங்கைடி. நான் சூடு போட்டுத் திருப்புன கை. இந்தக் கட்டு அவன் கட்டுதான். ரெண்டு சுத்து, ஒரு மடக்கு. படகு கட்டுற மாதிரி."

ஆபீசர் சிரிச்சான். "இப்போ மாத்திச் சொன்னா ஆச்சாம்மா?"

அவ்வளவுதான் நைனா. எப்படிப் பாய்ஞ்சேன்னு எனக்கே தெரியலை. சட்டைக் காலரைப் பிடிச்சேன், பொத்தான் தெறிச்சு ஓடுச்சு. "எதுக்குக் கேக்குறேன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா கஸ்மாலம்? இந்தக் கம்பிக்குத்தான் கேக்குறேன்னு அந்த போட்டோவைக் காட்டுனியா? நொட்டாங்கைன்னு சொன்னா எம்புள்ள தப்பிச்சிருப்பான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!" நாலு புள்ளைங்க சேர்ந்து என் விரலைப் பிரிச்சாங்க. துறைத்தலைவர் அம்மா நடுவுல வந்து நின்னு அவனைத்தான் கேட்டாங்க, "அந்தக் கேள்வியை ஏன் சார் விளக்காம கேட்டீங்க?"ன்னு. அவன் பொத்தானைத் தேடுறான்.

வூட்டுக்கு வந்ததும் ஷீபா கொழம்புச் சட்டியைச் சுவத்துல அடிச்சா. அப்புறம் தட்டு. அப்புறம் அவ வாங்குன பரிசுக் கோப்பை.

"பத்து வருஷம் ஆயா! எங்கப்பன் பண்ண தப்பு இன்னான்னு பார்க்கத்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன். மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கினேதான் ஒவ்வொரு பாடமும் படிச்சேன். நீ பக்கத்துல படுத்துக்கினு இருந்தே!"

அடிடின்னேன். அடிக்கலை. உடைஞ்சதைப் பெருக்கக் குனிஞ்சவ அப்படியே நின்னுட்டா. குளியலறைத் தகரக் கதவைப் பார்க்கிறா. கீல் விட்டுப்போச்சுன்னு நீ கம்பி போட்டுக் கட்டுனியே, அதேதான். ரெண்டு சுத்து, ஒரு மடக்கு, முறுக்கு இடது பக்கம். தினம் திறந்து மூடுற கதவு. அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

விரலால தடவிப் பார்த்துட்டு, "முனையை உள்பக்கமா மடிச்சிருக்காரு ஆயா"ன்னா.

"நீ அப்போ தவழ்ந்துக்கினு இருந்தே. உன் கையைக் கிழிச்சிடும்னு மடிச்சான்."

ஓடிப் போய் போட்டோவை எடுத்தா. வால்வுக் கம்பியிலயும் முனை உள்பக்கம் மடிஞ்சிருக்கு. அங்க எந்தப் புள்ள தவழ்ந்துச்சு சகாயம்? அடுத்த ஷிப்டுல வர்றவன் கையா? அப்பதான் அழுதா உன் பொண்ணு. நான் அவளைத் தொடலை. தொட எனக்கு யோக்கியதை இல்லை.

அவளே கட்டிங் பிளேயர் போட்டுக் கம்பியைத் துண்டா எடுத்தா. இப்போ அது டிபார்ட்மெண்டுல இருக்கு. பெரிசாக்கிப் படம் எடுத்து போட்டோவோட ஒப்பிட்டுட்டாங்க. விசாரணையைத் திரும்ப நடத்தணும்னு துறைத்தலைவர் அம்மா கையெழுத்துப் போட்டு சர்க்காருக்கு அனுப்பியிருக்காங்க. என் எழுத்தும் சேரணுமாம். அதுக்குத்தான் இந்தப் பக்கம். பதில் இன்னும் வரலை. அந்தக் கம்பெனிக்காரன் ஷீபாவுக்கு வேலை குடுக்கிறேன்னு கடிதம் போட்டான். அதைக் கிழிச்சு மீன் செதிளோட போட்டா.

இன்னொண்ணு. ரோசலின் வூட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டா. அப்புறம் விட்டா ஒரு அறை. காது ஞொய்னு கத்துச்சு. "செத்தவனைப் பத்து வருஷம் என் வாயால ஏச வெச்சியேடி பாவி!" திரும்பக் கன்னத்தைக் காட்டுனேன். அடிக்கலை, உள்ள போயிட்டா. மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். கல்லறைக் கல்லு ஈரமா இருந்துச்சு. யாரோ தேங்காநாரு போட்டுத் தேய்ச்சுக் கழுவியிருக்காங்க.

குளியலறைக் கதவுக்கு இப்போ கட்டு இல்லை. கடல் காத்து அடிச்சா தகரம் டமார் டமார்னு மோதிக்கிது. பக்கத்து வூட்டுக்காரி, "ஒரு கம்பி போட்டுக் கட்டேன் ஆயா, தலை வலிக்குது"ங்கிறா. கட்ட மாட்டேன். உன் பேரு சுத்தமாகி அந்தக் கம்பி திரும்பி வர்ற அன்னிக்கு நானே கட்டுவேன், ரெண்டு சுத்து, ஒரு மடக்கு, முனை உள்பக்கம். அதுவரைக்கும் மோதட்டும். ஒவ்வொரு அடியும் நான் வாங்கிக்கிறேன். திரும்ப விசாரணைன்னு கூப்பிட்டா, எத்தனை பேரு பின்னாடி நின்னாலும் எம்புள்ள நொட்டாங்கைதான்னு சொல்லுவேன்.

வலது கையால பொய்க்குக் கையெழுத்துப் போட்டவ நான். கீழ இருக்கிற கையெழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ. நாலு நாளாப் பழகினேன். இடது கையால போட்டது.

உன்னைப் பெத்தவ, உன் கையைச் சுட்டவ,
ஷீபாவோட ஆயா,
உன் அம்மா