அம்மா எறியும் முக்காடு

சப்ரி,

வாசல் சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அம்மா கண்ணில் பட்டால் டிராம் ஏறிவிடுவாள். வேகவைத்த ஃபூல் பயறு பானையில் இருக்கிறது, மசித்துக் கொடு. கேஸை மூடு.

"அம்மா இந்த நிலைமையில இருக்கா, நீ டிவி முன்னாடி குத்துச்சண்டை போடுறியேக்கா" என்று நேற்று கேட்டாய். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று டாக்டர் கொடுத்த வீடியோ விளையாட்டு அது; ரிமோட்டைக் கையில் பிடித்துத் திரையைப் பார்த்துக் குத்த வேண்டும். திரையில் பயிற்சியாளன் வந்ததும் அம்மா, "அன்னிய ஆம்பள வந்திருக்கான், தலைய மூடுடி" என்று முக்காட்டை என்மேல் எறிவாள். என் பெயர்தான் அவளுக்கு நினைவில்லை.

மதியம் வந்துவிடுவேன்.

அக்கா ராவ்யா

நேற்று சொல்லாதது: போன மாதம் அம்மாவை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். டிவியைக் குத்த ஆரம்பித்த பிறகு ஓங்கவில்லை.

ரிமோட் மேஜைமேல் இருக்கிறது. நான் திரும்புவதற்குள் உனக்கும் தேவைப்படும்.