பத்தாவது தோணி

கலிஸ்டோ அஞ்சல் நிலையம். காவல்: அமலி. யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம்.

காவல் நாள் 3, 09:10

ஆன்டெனா சரி. காற்று சரி. வெளியே மைனஸ் 139. கஸ்பாரின் பெட்டியில் பச்சை விளக்கு.

வியாழனைச் சுற்றும் இந்த நிலாவில் இரண்டே பேர், நானும் என் கணவர் கஸ்பாரும். ஆறு மாதம் ஒருவர் விழித்திருப்போம். மற்றவர் பெட்டிக்குள் குளிர்துயிலில் கிடப்பார். மூன்று நாளுக்கு முன் நான் எழுந்தேன், அவர் படுத்தார். இடையில் பேசிக்கொள்ளப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. அதில் பாதி அவருடைய கொட்டாவி.

படுக்கப் போகிறவர் ஒப்படைப்புக் குறிப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நாங்கள் எழுதுவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஒரு துறைமுக விளையாட்டு இருக்கிறது. குறிப்பைப் பத்தாவது தோணியில் ஏற்றிவிடுவோம். எழுந்தவர் புயலைத் தாண்டி அந்தத் தோணியைக் கரைசேர்த்தால் படிக்கலாம். கல்யாணமான புதிதில் தொடங்கிய கிறுக்குத்தனம். பதிவேட்டில் கஸ்பார் "எல்லாம் சரி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். விஷயம் தோணியில் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்று ஆடினேன். பதினோராம் நிமிடம் புயல் வந்தது. திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக மறுபடி எழுந்தது.

காவல் நாள் 4, 10:30

மூன்று முறை ஆடினேன். மூன்று முறையும் புயலில் அணைந்தது. மற்ற வேலைக்கு நாள் முழுக்க ஓடுகிறது. விளையாட்டு என்றால் மட்டும் விழுகிறது.

கோளாறு நான் இடம் மாற்றியதில் இருக்காது. கஸ்பார் கம்ப்யூட்டரை அடுக்களை மேசையில் வைத்திருந்தார். எழுந்த அன்றே நான் அதைப் பெட்டி அறைக்கு வெளியே நடைவழிக்குக் கொண்டுவந்தேன். சிவப்பு பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது. நான் தூத்துக்குடியில் கரண்ட் போகிற காலத்தில் வளர்ந்தவள். நல்ல பொருளை இன்வெர்ட்டர் லைனில் சொருகு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இங்கே சிவப்புதான் இன்வெர்ட்டர் லைன், பாட்டரியில் ஓடுவது. கஸ்பாரின் பெட்டியே அதில்தான் ஓடுகிறது. இதைவிட நம்பகமான லைன் இந்த நிலாவில் இல்லை.

பூமிக்குச் செய்தி அனுப்பினேன். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம்.

காவல் நாள் 5, 11:05

தரைநிலையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் மாரிசெல்வத்தின் பதில்:

"அமலிக்கா, மாரிசெல்வம் பேசுறேன். கேம் ஆடும்போது மட்டும் விழுதுன்னா மொதல்ல ராம் மெமரியக் கழட்டி, ரப்பர் வச்சுத் தேச்சு மாட்டிப் பாருங்க. பாதிக் கேஸு அதுலயே சரியாயிரும். அப்புறம், எந்த லைன்ல சொருகியிருக்கீங்க?"

நிலையத்தில் இருந்த ஒரே ரப்பர் கஸ்பாரின் பென்சில் பின்னால் இருந்தது. அதை வைத்துத் தேய்த்தேன். சரியாகவில்லை. எந்த லைன் என்ற கேள்விக்கு "நல்ல லைன்தான்" என்று அனுப்பினேன்.

அணைந்தது இதுவரை ஏழு முறை.

காவல் நாள் 7, 14:20

தூசி தட்டினேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டினேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். சூடு 71, அதிகம் இல்லை. பதினெட்டு முறை அணைந்தாகிவிட்டது.

மதியம் சாப்பிட்டேன். பசி இருந்ததா என்று தெரியவில்லை. இது என் நான்காவது காவல். முதல் காவலில் அழுதிருக்கிறேன். இப்போது எதுவும் தோன்றுவதில்லை. காலையில் பெட்டியைப் பார்க்கிறேன், பச்சை. மாலையில் பார்க்கிறேன், பச்சை. குறிப்பு கிடைத்தால் அவர் குரலைக் கேட்ட மாதிரி இருக்கும். வேறு ஒன்றுக்கும் ஆசையில்லை.

காவல் நாள் 8, 10:00

மாரிசெல்வம்: "அக்கா, லோடு டெஸ்ட் போட்டுருங்க, கேம் மாதிரியே கரண்ட முழுசா இழுக்கும். விழ விழத் திரும்பப் போடுங்க. எத்தன செகண்டுல விழுதுன்னு குறிச்சு அனுப்புங்க. ஒரு கணக்கு பிடிபடும்."

போட்டேன். 40 செகண்டு. 38. 41. விழ விழத் திரும்பப் போட்டேன். மாலைக்குள் மொத்தம் முப்பத்தொன்று. நேரம் போனது. கைக்கு வேலை இருந்தது நன்றாகவே இருந்தது.

காவல் நாள் 9, 16:45

நாற்பது.

ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் மூன்று நான்கு நிமிடத்துக்கு டொக் டொக் என்று ஒரு சத்தம் வருகிறது. விசிறி இறக்கை எங்கோ இடிக்கிறது போல. முதல் நாளிலிருந்தே இருக்கிறது, நான்தான் எழுதவில்லை. பதிவு செய்து மாரிசெல்வத்துக்கு அனுப்பினேன். நாளைக்கு விசிறியைப் பிரிக்க வேண்டும்.

இந்த முறை சத்தம் நிற்கவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மறுகோடியில் இருக்கும் என் அறைக்குப் படுக்கப் போகிறேன்.

காவல் நாள் 10, 06:05

மாரிசெல்வம்: "அக்கா, அந்தச் சத்தத்த மூணு தடவ கேட்டேன். அது ஃபேன் இல்ல. ஃபேன்னா ஒரே சீரா இடிக்கும். இது மூணு தட்டுது, நிறுத்துது, திரும்ப மூணு தட்டுது. அக்கா, நல்ல லைன்னு சொன்னீங்களே, அது எந்த லைனு?"

06:20

கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி பச்சை. பக்கத் தகட்டில் நான்கு திருகு. கழற்றினேன். உள்ளே சின்ன எண்பலகை.

இடைவிழிப்பு: 40. மறுதுயில் மருந்து: 0.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். புயலில் கம்ப்யூட்டர் இழுத்த இழுப்பில் லைன் விழுந்தது. பெட்டியும் விழுந்தது. மருந்து நின்றால் உடம்பு குளிர்ந்தபடியே கிடக்க, அறிவு மட்டும் எழுந்துவிடும். விரல் அசையும். பெட்டி திரும்ப ஓடி, மருந்து ஏற்றி, அவரைத் தூங்கவைக்க நான்கு நிமிடம். நான் வந்து பார்க்கும்போது பச்சை; அந்த விளக்கு கரண்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். நாற்பது முறை. இருட்டில். ஒரு சுவர் தள்ளி நான் உட்கார்ந்து செகண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலையிலிருந்து மருந்து இல்லை. அவர் விழித்தபடியே இருக்கிறார். இப்போதும் தட்டுகிறார்.

மூடியில் மூன்று தட்டினேன். உள்ளேயிருந்து மூன்று வந்தது. சூடேற்றும் பொத்தானை அழுத்தினேன், பூமிக்கும் செய்தி அனுப்பினேன். 06:40.

08:15

மாரிசெல்வம்: "அக்கா, டாக்டரம்மா பக்கத்துல இருக்காங்க. சூடேத்துனது சரிதானாம். ஒம்பது மணி நேரம் ஆகும். நடுவுல மூடியத் தெறந்துராதீங்க, இதயம் தாங்காது. ராத்திரி பூரா முழிச்சிருக்காரு, அதனால... அவங்க உறுதியா ஒண்ணும் சொல்லல. பக்கத்துலயே இருங்கக்கா. தட்டிக்கிட்டே இருங்க."

15:40 வரைக்கும். தட்டுகிறேன். மூன்றுக்கு மூன்று வருகிறது. பயமாக இருக்கிறது. இங்கே வந்த பிறகு இந்தச் சொல்லை இப்போதுதான் எழுதுகிறேன்.

11:00

மூன்று தட்டினால் இரண்டு வருகிறது.

பெட்டியைப் பற்றித் தோணியில் ஏதாவது எழுதியிருப்பார். உதவுகிற மாதிரி ஏதாவது. கம்ப்யூட்டரை அடுக்களைக்குத் தூக்கிப்போய் வெள்ளை பாயின்டில் சொருகினேன். சாதாரண லைன். பதினோராம் நிமிடம் புயல் வந்தது. அணையவில்லை. பாயை இறக்கினேன். பத்தாவது தோணி கரைசேர்ந்தது.

11:25

கஸ்பாரின் ஒப்படைப்புக் குறிப்பு, உள்ளபடி:

"அமலி, ரெண்டு பாட்டரில ஒண்ணு செத்துப்போச்சு. கழட்டி வச்சிட்டேன். செவப்பு லைன்ல இப்ப என் பெட்டிக்கு மட்டுந்தான் தெம்பு இருக்கு. எதையும் கொண்டுபோய் அதுல சொருகுறது ஒனக்குப் பழக்கம், அதான் சொல்லுறேன். கம்ப்யூட்டரு அடுக்களையிலயே இருக்கட்டும். புயல்ல பாய எறக்கிரு. தூங்கி எந்திரிச்சு வாரேன்."

இருபத்தைந்து நிமிடம் அவரை விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து மூன்று தட்டினேன். ஒன்று வந்தது.

13:30

மூன்று தட்டினேன். வெகுநேரம் கழித்து ஒன்று.

குறிப்பு கிடைத்தது என்று மூடியில் வாய் வைத்துச் சொன்னேன். கேட்டதா தெரியாது.

14:10

மூன்று தட்டினேன்.

பெட்டி பச்சை.

14:11

மூன்று தட்டினேன்.

14:12

மூன்று தட்டினேன்.